இருபத்தேழு குரோஸ் நடை

இந்தக் கடிதத்தில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல், தாயி. தப்பாக நினைக்காதே. சாத்தூரில் ஏறினதிலிருந்து கேட்கலாமா வேண்டாமா என்று மூன்று தடவை வாயைத் திறந்து மூடிவிட்டேன். மடியில் பரீட்சைப் பேப்பர் வைத்துத் திருத்துகிறாய், டீச்சராகத்தான் இருக்க வேண்டும். சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார்களா? எனக்கு ஐந்தாம் வகுப்பு. அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும்தான்.

இரு, இப்போது பிரிக்காதே. விஷயம் தெரியாமல் படித்தால் ஏதோ கிறுக்கச்சி எழுதினது மாதிரி இருக்கும். கோவில்பட்டி போக இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது. அங்கே விளையாட்டுச் சங்கத்து ஆபீஸில் ஐந்து மணிக்குள் இதைக் கொடுக்க வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் பட்டியல் வடக்கே, தேசியப் போட்டிக்காரர்களிடம் போய்விடும். அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

நான் நடைக்காரி, தாயி. காலையில் சுகருக்காக நடக்கிற நடை இல்லை. போட்டி நடை. மூத்தவர்களுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். முப்பத்தைந்து வயதிலிருந்து தொண்ணூறு வயது வரைக்கும் வருகிறார்கள். ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு. எனக்கு அறுபத்தேழு, நான் அறுபத்தைந்து பிரிவு. மூவாயிரம் மீட்டர், ஏழரைச் சுற்று. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டு காலும் மண்ணை விட்டால் அது ஓட்டம். முதலில் மஞ்சள் மட்டையைக் காட்டுவார்கள், எச்சரிக்கை. அப்புறம் சிவப்பு அட்டை எழுதுவார்கள். மூன்று நடுவர் மூன்று சிவப்பு எழுதினால் வெளியே போக வேண்டியதுதான்.

சுகருக்கு நடக்கச் சொன்னது டாக்டர்தான், அது உண்மை. வைப்பாற்றுப் பாலத்தில் போய்விட்டு வருவேன். முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த ஒருவர் பார்த்துவிட்டு, "யம்மா, இவ்வளவு வேகமா நடக்குறீங்களே, போட்டிக்குப் போகலாமே" என்று ஒரு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்து கொடுத்தார். அது ஐந்து வருஷத்துக்கு முந்தி. முதல் வருஷம் ஐந்தாவது. அடுத்தது நாலாவது. அப்புறம் மூன்றாவது, திரும்பவும் மூன்றாவது. போன வருஷம் நாலு வினாடியில் போய்விட்டது. முதல் இரண்டு பேரைத்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். முதல் இடத்துக்குக் கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி இருக்கிறாள், போலீஸில் இருந்தவள். அவள் முதுகைத்தான் நாம் பார்க்க முடியும். ஆகவே எல்லோருக்கும் சண்டை இரண்டாம் இடத்துக்குத்தான்.

என் மகன் சோலைராஜ் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இந்த நடையில் இடுப்பு ஆடும், தாயி. ஆடித்தான் தீரும், ஆடாவிட்டால் கால் நீளாது. நான் கடை வழியாகப் போனால் அவன் சேக்காளிகள், "சோலை, உங்கம்மா கேட்வாக் போறாங்கப்பா" என்பார்கள். அவனும் எத்தனை நாள் பொறுப்பான்? இந்த வருஷம் பாரம் போடும்போது, "போதும்மா, தெருவே பேசுது" என்றான். நான் சொன்னேன், "இந்த ஒரு தடவை. ரெண்டு பேருக்குள்ள வந்து என் பேரு வடக்க போகலேன்னா ஷூவைக் கழட்டி உன் கையில குடுத்துர்றேன். அப்புறம் நடக்கவே மாட்டேன்." அவன், "சத்தியமா?" என்றான். எனக்குச் சத்தியம் எதற்கு? சொன்னால் சொன்னதுதான்.

நிறுத்த மனசு உண்டா என்றால் இல்லை. சாத்தூரில் என்னைச் சோலை அம்மா என்பார்கள். ரேஷன் கடையில் கார்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அங்கே மைதானத்தில் மைக்கில், "வெள்ளத்தாய், விருதுநகர் மாவட்டம்" என்று சொல்லுவார்கள். அறுபத்திரண்டு வயது வரைக்கும் என் பெயரை ஒருத்தரும் மைக்கில் சொன்னதில்லை.

சரி, போட்டிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில்.

எனக்குப் பயம் என்று ஒன்று கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் எல்லாம் நடுங்குவார்கள். ஒருத்தி சாமி கும்பிடுவாள், ஒருத்தி வாந்தி எடுப்பாள். எனக்கு அது இல்லை. வயிற்றுக்கு மட்டும் கொஞ்சம் ஒத்துக்கொள்ளாது. அன்றைக்குக் காலையில் ஐந்து தடவை போனேன். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுகிறது இல்லையா? ஐந்து வருஷமாகப் பார்க்கிறேன், போட்டி நடக்கிற ஊரில் எல்லாம் தண்ணீர் மோசம்.

என்னிடம் ஒரு முறை உண்டு. தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். கட்டை அடுக்கினேன், சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை. அப்புறம் பெட்டி எண்ணிக் கட்டுப் போட்டேன். ஒரு குரோஸுக்கு நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன். அதே மாதிரிதான் நடையையும் எண்ணுகிறேன். என் காலுக்கு ஒரு சுற்று ஐந்நூற்று முப்பத்து மூன்று அடி. அதாவது மூன்று குரோஸும் நூற்றொன்றும். ஏழரைச் சுற்றுக்கு இருபத்தேழு குரோஸும் நூற்றுப்பத்தும். எண்ணிக்கொண்டே போனால் மனசு வேறு எங்கும் போகாது. ஒரு அடி கூடக் கூடாது, குறையக் கூடாது.

சாப்பாடும் அப்படித்தான். போட்டி ஆறரை மணிக்கு என்று சீட்டில் போட்டிருந்தது. நாலேகாலுக்கு இரண்டு இட்லி. நாலரைக்குச் சுகர் மாத்திரை. ஐந்தேமுக்காலுக்குப் பாதி வாழைப்பழம். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, போட்டி முடிகிறவரை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறரைக்குப் போட்டி நடந்ததா? சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வந்து கொடியேற்றாமல் ஒன்றும் தொடங்கக் கூடாதாம். ஏழாயிற்று. "இன்னும் பத்து நிமிடத்தில்" என்று மைக்கில் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பதினான்கு தடவை சொன்னார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கார் வந்தது. அப்புறம் பொன்னாடை. இருபத்திரண்டு பேருக்குப் பொன்னாடை, தாயி. மேடையில் இருந்தவர்கள் பதினெட்டு பேர்தான். எப்படி இருபத்திரண்டு ஆயிற்றென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த மூன்றேகால் மணி நேரமும் நான் உட்காரவே இல்லை. உடம்பு சூடு ஆறிவிடக் கூடாது பார். மைதானத்து ஓரமாக நடந்துகொண்டே இருந்தேன். நாற்பத்தொரு குரோஸ். எண்ணினேன்.

அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா? ரெஜினா. ரெஜினா டீச்சர். என் வழக்கே அவளோடுதான். தூத்துக்குடிக்காரி, விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். என்னைவிட நாலு மாதம் இளையவள். போன இரண்டு வருஷமும் எனக்கு முன்னால் இரண்டாவதாக வந்தவள். வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து, காலைப் பையின் மேல் தூக்கி வைத்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தூங்குகிறாள்! போட்டிக்கு முன்னால் ஒரு பொம்பிளை தூங்கலாமா? குறட்டை வேறு. ஏழேமுக்காலுக்கு எழுந்தாள், எங்கேயோ போய் இரண்டு வடை வாங்கித் தின்றாள், திரும்பவும் படுத்துவிட்டாள். ஒழுங்கே கிடையாது.

நான் சுற்றி வரும்போதெல்லாம் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பாள். "ஏ குரோஸக்கா" என்பாள். நான் எண்ணுவது தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு நான் குரோஸக்கா. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏ குரோஸக்கா, வந்து செத்த சாயுங்க. நிக்காம நடக்கியளே, போட்டி உங்களுக்கு இங்கயே முடிஞ்சிட்டு."

"எனக்குக் களைப்பு கிடையாது."

"களைப்பு இல்லக்கா, கணக்குதான் கூடிப்போச்சு. இப்போ எத்தன?"

"இருபத்தாறு."

"இன்னும் ஒரு குரோஸ் நடந்தா கப்பு குடுத்திருவான். வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எப்படி இருக்கும்? பேசத் தெரியாதவளைப் பேச்சால் அடிப்பது லேசு. "இந்தாங்க, ஒண்ணு தின்னுங்க" என்று கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினாள். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கவில்லை. என் நோட்டில் அது இல்லை.

பத்தேகாலுக்குக் கூப்பிட்டார்கள். வெயில் உச்சியைப் பிளக்கிறது. வரிசையில் உட்கார வைத்து மார்பில் நம்பர் துணியைக் குத்தச் சொன்னார்கள். நாலு ஊக்கு. என்னால் ஒன்றுகூடக் குத்த முடியவில்லை. மட்டமான ஊக்கு, தாயி, வாயே திறக்கவில்லை. ரெஜினா பிடுங்கி நாலையும் குத்திவிட்டாள். குத்தும்போது என் முகத்துக்கு நேரே இவ்வளவு பெரிய கொட்டாவி விட்டாள். ஒன்று விட்டால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப. "நீங்களும் விடுங்கக்கா, நல்லது" என்கிறாள். கொட்டாவி ஒட்டுவாரொட்டி இல்லையா? எனக்கும் வந்துவிட்டது. நாலு. நடுவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். போட்டிக்கு முன்னால் என் உறுதியைக் கெடுக்கத்தான் அவள் அப்படிச் செய்தது. கொட்டாவி விட்டதும் தோள் எல்லாம் தொளதொளவென்று இறங்கிவிட்டது.

துப்பாக்கி வெடித்தது. ஒன்பது பேர். கோயம்புத்தூர்க்காரி போய்விட்டாள். நான் இரண்டாவது. எண்ண ஆரம்பித்துவிட்டேன். ரெஜினா எனக்குப் பின்னால், வலது தோளை ஒட்டி. அவள் மூச்சு கேட்கிறது. இவள் எப்போது தாண்டுவாள், எப்போது தாண்டுவாள் என்று முதுகு முழுக்கக் காது.

முதல் அரைச் சுற்று சுத்தம். அடுத்த சுற்றில் வளைவில் நின்ற நடுவர் மஞ்சள் மட்டையைக் காட்டினார். கால் தூக்குகிறதாம். எனக்கா? நான் இன்னும் வேகமாக எண்ணினேன். இரண்டாம் சுற்றில் பலகையில் என் நம்பருக்கு நேரே ஒரு சிவப்பு. மூன்றாம் சுற்றில் இன்னொரு சிவப்பு. பார் தாயி, எனக்குப் பயம் கிடையாது, ஆனால் அந்த இரண்டாவது சிவப்பைப் பார்த்ததும் வாய் சுத்தமாக வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒன்று விழுந்தால் வீட்டுக்குப் போய் ஷூவைக் கழற்ற வேண்டும். வேகமாகப் போனால் கால் தூக்கும். மெதுவாகப் போனால் அவள் தாண்டுவாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இருக்கிறது, அந்த நூலில் நடக்க வேண்டும்.

முதல் அரையும் மூன்று சுற்றும் முடிந்தபோது பன்னிரண்டு குரோஸும் நூற்று முப்பத்தெட்டும். அதுவரைக்கும் என் கணக்கில் தூசி விழவில்லை. யார் தலையிலும் அடித்துச் சொல்வேன்.

அதற்கு அப்புறம் வெயில் வேலையைக் காட்டியது. வேர்க்கிறது, ஆனால் குளிர்ந்த வேர்வை. விரல் ஆடுகிறது. மைதானத்து வெள்ளைக்கோடு ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. எந்தக் கோட்டுக்குள் நடக்க என்று தெரியவில்லை. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. அப்போது அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிறாள். போட்டி நடக்கிறது, இவள் பேசுகிறாள்!

"ஏக்கா, நூத்திப்பத்துக்கு அப்புறம் தொண்ணூறா வரும்?"

நான் வாய்விட்டு எண்ணினதை அவள் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எக்கா, எண்ணுறத விடுங்க. இங்க பாருங்க. உங்க பேரு என்ன?"

தலை சரியாக இருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? பெயர் எனக்குத் தெரியாதா? நாக்கில்தான் இருந்தது, வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று, அவ்வளவுதான். அதற்குள் என் இடது கையைப் பிடித்து எதையோ வைத்து அழுத்தினாள். கடலைமிட்டாய்.

"வாயில போடுங்க. கடிங்க. எதுத்துப் பேசாதிய, கடிங்க!"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரல். முப்பத்தைந்து வருஷம் அதட்டின குரல். நான் கடித்துவிட்டேன். பாதி உள்ளே போயிற்று. மீதி கையில். மூடிக்கொண்டேன்.

கணக்குப் போயிற்று, தாயி. அந்த நிமிஷத்தோடு போயிற்று. அவள் விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். சாளை மீன் குழம்புக்கு மாங்காய் எப்போது போட வேண்டும் என்கிறாள். அவள் மருமகள் தேங்காயைக் கொரகொரவென்று அரைக்கிறாளாம். நடுநடுவே, "தோளத் தொங்கப் போடுங்க. தாழ. இன்னும் தாழ. தரையத் தேச்சிக்கிட்டு வாங்க" என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபத்தில் மூச்சு சீராகிவிட்டது. கோடும் ஒன்றாகிவிட்டது. வெயில் தாழ்ந்திருக்கும். மூன்றாவது சிவப்பு விழவில்லை.

கடைசி வளைவில் திரும்பும்போது அவள் சத்தம் கேட்கவில்லை. பின்தங்கிவிட்டாள். அவள் பெயருக்கு நேரே ஒரு அட்டைகூட இல்லை, கடைசி நூறு மீட்டரில் பறக்கிறவள், ஆனாலும் பின்தங்கிவிட்டாள். இத்தனை பேச்சுப் பேசினால் களைக்காதா? நான் கோட்டைத் தாண்டினேன். இருபத்திரண்டு நிமிஷம் ஐம்பத்தெட்டு வினாடி. அவள் எனக்குப் பின்னால் இரண்டு வினாடி.

என் பழைய நேரத்தில் எது சிறந்தது தெரியுமா? இருபத்து மூன்று நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று வினாடி குறைந்திருக்கிறது. எப்படிக் குறைந்தது, எத்தனை அடியில் குறைந்தது, ஒன்றும் தெரியாது. ஒருத்தர் நம் கணக்கைக் கலைத்துவிட்டால் அப்புறம் நமக்கு என்ன இருக்கிறது? நீயே சொல். ஜெயித்தேன், ஆனால் அதில் பாதி நடை யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நேரே பெரிய நடுவரிடம் போனேன். நாலு பேர் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் போனேன். தீப்பெட்டி ஆபீஸில் ஒரு கட்டில் ஒரு பெட்டி குறைந்தாலும் நானே போய்ச் சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம்.

"ஐயா, ஒரு புகார். அந்த டீச்சர் நடக்கும்போது என்கிட்டப் பேசிக் கணக்கக் கலைச்சிட்டாங்க."

"பேசுறது தப்பில்லம்மா. வேற எதுவும் செஞ்சாங்களா? தள்ளினாங்களா?"

"தள்ளல. கடலைமிட்டாய் குடுத்தாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"முழுசும் இல்லய்யா. பாதி. மீதி இந்தா இருக்கு." கையை விரித்துக் காட்டினேன்.

"எம்மா, போட்டி நடக்கும்போது வெளியாள்கிட்டயோ கூட நடக்குறவங்ககிட்டயோ எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. நாங்க இங்க அப்படித்தான் வச்சிருக்கோம். குடுத்தவங்களுக்கு எச்சரிக்கை. சாப்பிட்டவங்க வெளியே. நீங்க புகார் சொல்றது உங்க மேலயேம்மா."

நான் அவள்மேல் சொல்லத்தான் போனேன், தாயி. சோலைராஜ் முகம் வந்தது. ஷூ வந்தது. சொன்னதை விழுங்க முடியுமா? மிட்டாய் கையில் இருக்கிறது. விரித்த கையை மூடக்கூடத் தோன்றவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அவர் அவளைக் கூப்பிட்டார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீங்க இவங்களுக்கு மிட்டாய் குடுத்தீங்களா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டாம் இடம் அவளுக்கு. ஒரே ஒரு வார்த்தை.

"நானா? யாத்தே, எனக்கே பத்தல" என்றாள். சொல்லிக்கொண்டே என் கையில் இருந்ததை இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்! நடுவர் முன்னாலேயே. கடக் கடக் என்று கடிக்கிறாள். "பசிக்கி சார். காலைல இருந்து ரெண்டு வடதான். இந்தக்காவுக்கு வெயிலு தாங்கல, தலைக்கேறிட்டு. எண்ணி எண்ணி மூளை சூடாயிட்டு. நீங்க நெசம்னு எழுதிராதிய."

பெரிய நடுவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மற்ற நடுவர்களிடம், "யாராவது பாத்தீங்களா?" என்றார். ஒருத்தரும் பார்க்கவில்லை. "சாட்சியும் இல்ல, பொருளும் இல்ல. முடிவு அப்படியே இருக்கட்டும். ஆட்சேபணை இருந்தா அடுத்த சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள சங்கத்துல எழுதிக் குடுங்க. இல்லேன்னா பேரு வடக்க போயிரும்" என்று நோட்டை மூடிவிட்டார். அவர் வாய் ஓரம் சிரித்தது. நான் பார்த்தேன்.

ஒரு டீச்சர், தாயி. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவள். இத்தனை பேர் முன்னால் கூசாமல் பொய் சொல்லி, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள். ஏன் சொன்னாள் என்று ஆறு நாளாக யோசித்தேன். எச்சரிக்கை வந்தால் அவள் பெயர் கெட்டுவிடும், அதற்காகத்தான். என்ன, அதற்கு இரண்டாம் இடத்தை விடுவாளா என்கிறாயா? நீ அவளைப் பார்த்ததில்லை. ரொம்ப ஆழம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாக, "எக்கா, வடக்க குளிரும், சொட்டர் எடுத்துக்கங்க. நான் ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டேன், அங்க சப்பாத்தியத் தவிர ஒரு மண்ணும் கெடைக்காது" என்றாள். அதிலும் குத்தல் பார். அவள் இரண்டு தடவை போனதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

வீட்டில் சோலைராஜ் கேக் வாங்கி வைத்திருந்தான். சுகர்க்காரிக்குக் கேக். சேக்காளிகளைக் கூட்டிவந்து, "எங்கம்மா இந்தியாவுக்கே நடக்கப் போறாங்க" என்கிறான். கேட்வாக் என்று சொன்னவனே காலில் விழுந்து கும்பிட்டான். வாங்காததை வாங்கினதாக வைத்திருக்க முடியுமா? அங்கே போய் ஒவ்வொரு அடி வைக்கும்போதும், இது அவள் கொடுத்தது, இது அவள் கொடுத்தது என்று எண்ணிக்கொண்டா நடப்பது?

ஆகவே எழுதிவிட்டேன். கிழித்தது ஏழு. இது எட்டாவது. கொடுத்துவிட்டு வந்தால் ஷூவைக் கழற்ற வேண்டும் என்று தெரியும். கழற்றிக்கொள்கிறேன். சொன்னது சொன்னதுதான்.

இப்போது பிரி. சத்தமாகப் படிக்காதே, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். எழுத்து புரிகிறதா?

"நான் வெள்ளத்தாய், விருதுநகர் மாவட்டம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த மூவாயிரம் மீட்டர் நடையில் ரெஜினா டீச்சர் கொடுத்த கடலைமிட்டாய் ஒன்றில் பாதியைச் சாப்பிட்டது உண்மை. மீதிப் பாதியை அவரே சாப்பிட்டார். எனக்கு இரண்டாம் இடம் சேராது. அடுத்தவருக்குக் கொடுக்கவும்."

சரியாக இருக்கிறதா? எங்கே? "சாப்பிட்டது"க்கு ஒற்று இருக்கிறதே. அப்புறம் என்ன?

எந்தச் சுற்றில் என்று போடவில்லையா?

போடவில்லை. ஆமாம். போடத்தான் வேண்டும், இல்லையா? எழுதுகிறவள் எந்தச் சுற்றில் என்று எழுதாமல் விட்டால் அது என்ன புகார்? இரு. மூன்றாம் சுற்று வரை சுத்தம் என்றேனா? அதற்கு அப்புறம் பன்னிரண்டு குரோஸும் நூற்று முப்பத்தெட்டும் தாண்டி ஒரு குரோஸ் போயிருக்கும். அப்படியென்றால் நாலாம் சுற்று. ஆனால் கோடு இரண்டானது எதிர்ப்பக்கம். அங்கே ஒரு தண்ணீர்த்தொட்டி உண்டு. அந்தத் தொட்டியை இரண்டு தடவை பார்த்த மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் ஐந்து. மீதி எத்தனை சுற்று என்று பலகை வைத்திருந்தார்கள். கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. நூற்றுப்பத்துக்கு அப்புறம் தொண்ணூறு என்றாளே, அது எத்தனையாவது நூற்றுப்பத்து?

தெரியவில்லை, தாயி. எனக்குத் தெரியவில்லை.

"போட்டியின்போது" என்று பொதுவாகப் போட்டால் போதுமா? போதாது. நீ பரீட்சைப் பேப்பரில் பொதுவாக எழுதினால் மார்க் போடுவாயா? நான் முப்பத்தொரு வருஷம் எண்ணினவள். சுமாராக என்று ஒரு கட்டுக்கூடக் கட்டினதில்லை. தெரியாத கணக்கின் கீழே கையெழுத்துப் போட்டால் இதுவும் ஒரு பொய்தானே. அவள் சொன்னதற்கும் நான் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்?

அவளுக்குத் தெரியும். கூடவே வந்தவள், என் எண்ணிக்கையைக் காதால் கேட்டுக்கொண்டு வந்தவள். அவளுக்குத்தான் தெரியும், வேறு ஒரு ஆளுக்கும் தெரியாது.

கோவில்பட்டி வந்துவிட்டதா? நீ இங்கேதான் இறங்குகிறாயா? பேப்பர்க் கட்டை எடுத்துக்கொள். கீழே ஒன்று விழுந்திருக்கிறது பார். நான் இறங்கவில்லை. இந்த வண்டி தூத்துக்குடிதானே போகிறது? போர்டில் பார்த்துத்தான் ஏறினேன். போனில் கேட்பதா? போனில் கேட்கிற விஷயமா இது? நேரில் உட்கார்ந்து, பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு, தொட்டி எங்கே, வளைவு எங்கே என்று படம் போட்டுக் கேட்க வேண்டும். அவள் பேச ஆரம்பித்தால் சாளைக் குழம்பு வரைக்கும் போவாள். நேரமாகும். ஆகட்டும்.

கண்டக்டர் தம்பி, தூத்துக்குடிக்கு ஒரு டிக்கெட். ஆமா, கோவில்பட்டி வரைக்கும்தான் எடுத்திருந்தேன். இப்போ தூத்துக்குடி.

நீ ஏன் இன்னும் நிற்கிறாய்? தெரியும், தாயி. தூத்துக்குடி போக ஆறு மணி ஆகும். இங்கே ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். எனக்கு மணி பார்க்கத் தெரியாதா?

இறங்கு, வண்டியை எடுக்கப் போகிறான்.